காம்பு விடும் நாள்

வெலிமடைக்கு மேலே, மூன்றாவது பொலித்தீன் கூடாரம்.
மகரந்தம் தொட்ட நாளைச் சிவப்பு நூலில்
காம்பு காம்பாய்க் கட்டி வைத்திருக்கிறேன்.
கீழே வெயில் ஊரில் முப்பத்தைந்து நாளாம்.
இங்கே பனி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
நாற்பத்து நாலு ஆகும் மெலனுக்கு.

நாற்பத்தோராம் நாள், புதன், முதலாளியின் அழைப்பு:
"வெள்ளி போயா, பவளம். லொறி வராது.
இன்றைக்கே வெட்டிப் பெட்டியில் போடு."
போயா மனிதருக்கு. பழத்துக்கு யார் சொல்வது?

இருநூற்றுப் பன்னிரண்டும் கத்தி கேட்டன.
வலைத்தோலுக்கு அடியில் பச்சை இன்னும் விழித்திருந்தது.
ஈரக் காம்பில் பூஞ்சணம் ஏறும் என்று
ஒவ்வொன்றையும் பழஞ்சாரத்தால் ஒற்றி எடுத்தேன்.
என்னால் முடிந்த நேர்மை அவ்வளவுதான்.
பதினொன்றை மட்டும் இலைக்குள் விட்டுவிட்டு
கணக்கில் "வெடிப்பு" என்று எழுதினேன்.

சனி காலை.
பெருவிரலை வைத்தேன், அழுத்தவில்லை,
கொடி தானாகவே கையை எடுத்துக்கொண்டது.
காம்பு இருந்த இடத்தில் வட்டமாய் ஒரு தழும்பு.
அதன் வாசத்துக்கு
லீக்ஸ் பாத்தியில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

இப்படிப் பழுத்ததை வெளியே வைத்தால் மூன்று நாள்.
எங்கே வைப்பது?
லயத்துச் சுவர் வேர்க்கும்.
மரியநாயகம் கடையில் வாழைத்தார் தொங்குகிறது,
அதன் மூச்சுப் பட்டால் நாளை மறுநாள் கூழ்.
பால் நிலையத்துக் குளிரறையில்
தயாபரன் ஒரு மூலை கொடுத்தான்,
வாடகை ஒரு பழம்.
மீதிப் பத்தும் கேன்களுக்குப் பின்னால்
ஒன்றையொன்று தொடாமல்.

செவ்வாய், கொழும்பு ஹோட்டலில் இருந்து சத்தம்:
"மணக்குது, மெத்தென்று இருக்குது,
வாயில வச்சா வெள்ளரிக்காய்."
என்ன செய்தாய் என்றார் முதலாளி.
வாசம் வழியில் வரும், ஐயா. மென்மையும் வரும்.
சீனி வராது. அது கொடியோடு முடிந்த கணக்கு.

நம்பவில்லை. ஞாயிறன்று ஜீப்பில் வந்தார்.
பறித்து எட்டு நாளான பழம், குளிரில் இருந்து எடுத்து
கேன் மூடி மேலேயே வெட்டினேன்.
நின்றபடி நாலு கீற்று. தாடையில் சாறு.
கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"வெடிப்பு என்று ஏன் எழுதினாய்?"

நாளை புதுக் கொடிகளில் பெண்பூ விரியும்.
கலண்டரில் அடுத்தடுத்த போயாவைத் தாண்டி
லொறி வரும் ஒரு நாளில் விரல் வைத்து
பின்னால் எண்ணிக்கொண்டு வருகிறேன், நாற்பத்து நாலு.
வியாழன் வரை ஒரு பூவையும் தொடக்கூடாது,
முந்தி விரிவதைக் கிள்ளிவிட வேண்டும்.

எங்கிருந்தோ ஒரு தேனீ உள்ளே வந்துவிட்டது.
சாரத்தை வீசி வீசித்
துரத்திக்கொண்டிருக்கிறேன்.