பாகம் எண் நூற்றுப் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை முகாம்.
பாலக்கோடு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
சன்னலுக்கு வெளியே மண்டிக்குப் போகும் லாரிகள்,
நசுங்கிய தக்காளி வாசம்.

என் பாகத்தில் மூன்று சாக்ரடீஸ்.
ஒருவர் சாக்ரட்டீஸ், ஒருவர் சாக்கிரடீசு.
மாதையன் மகனுக்கு மட்டும் ஒரு தடவை
கணினி, 'ஜாக்கிரதை' என்று அச்சடித்துக் கொடுத்தது.
தப்பென்று சொல்ல முடியவில்லை.

ஏதென்ஸில் இப்போது இந்தப் பேர் வைக்கிறார்களோ என்னவோ.
இங்கே ஒரு காலத்தில்,
கூட்டம் முடிந்து மைக் செட் கழற்றுவதற்குள்
மேடைக்குப் பிள்ளையை நீட்டினால் போதும்.
தாடிவைத்த கிழவர் ஒருவர்
இரண்டாயிரத்து நானூறு வருஷம் நடந்து வந்து
தூளியில் படுத்துக்கொள்வார்.
அடுத்த ஆடியில் அந்தப் பிள்ளைக்கே
மாரியம்மன் கோயிலில் மொட்டையும் போடுவார்கள்.

மாதையன் மகன் சாக்ரடீஸ்
தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர்.
விடிகாலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவார்.
யாரையும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை,
நாலு மாதம் சம்பளம் நின்றபோதும்.
சிரித்தால் பல்லெல்லாம் காவிக் கோடு.
அது எனக்கும் உண்டு.
இந்த மண்ணின் ஆழ்குழாய்
எங்கள் எல்லோர் வாயிலும் போட்ட கையெழுத்து.

இன்று சாலம்மாள் வந்தாள்.
படிவம் ஏழு. பெயர் நீக்கம்.
காரணம் என்ற கட்டத்தைக் காட்டினேன்.
காட்டியிருக்க வேண்டாம்.

"மொதல்ல பாதம் மரத்துச்சு மேடம்.
அப்புறம் முட்டி. அப்புறம் இடுப்பு.
அப்பிடியே மேல ஏறிச்சு."

ஒன்பதாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது.
கோப்பை. சுற்றிலும் அழும் சீடர்கள்.
குடித்துவிட்டு நடக்கச் சொன்ன காவலாளி
காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பான்.
பத்து மார்க் கேள்வி அது.

இவரோ நாற்பது வருஷம் குடித்தார்.
தினமும் வால்வைத் திறந்துவிட்டதும் அவரே.
குடத்தோடு வரிசையில் நின்றோம் நாங்கள்,
முந்தாதே முந்தாதே என்று சண்டை போட்டுக்கொண்டு.
ஒகேனக்கல் குழாய் வந்த பிறகும்
வராத நாட்களில் பழைய மோட்டார்தான்.

சாலம்மாள் பின்னால் அவள் மகள்.
பதினெட்டு முடிந்துவிட்டது. படிவம் ஆறு.
பெயர்: சா. வெண்ணிலா.
தந்தை பெயர்: சாக்ரடீஸ்.
"செத்தவங்க பேர எழுதலாமா?"
எழுதலாம் என்றேன்.
ஒரே பேனா, ஒரே மதியம்.
ஒரு தாளில் அடித்த பெயரை
அடுத்த தாளில் நானே எழுதினேன்.

அவள் எழுந்து போகவில்லை.
"தொட்டித் தண்ணிய டெஸ்ட் பண்ணாங்களாமே,
அந்த ரிப்போர்ட்ட எங்க கேக்கணும்?
யாரு கையெழுத்துப் போட்டது?
தெரிஞ்சும் ஏன் எங்கப்பாவத் தொறக்கச் சொன்னாங்க?"

சாலம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆறு, ஏழு, எட்டு.
என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்.
வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்குகிறார்.
பெண் நின்றுகொண்டே இருக்கிறாள்.