நூற்றுப் பன்னிரண்டாம் படம்

ஹார்லன் ஜங்ஷன் வரலாற்றுக் கழகத்தில்
உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர்.
சந்தா கட்டியவர்கள் பத்தொன்பது.
இதை நான் சொல்லலாம், பொருளாளர் நான்தான்.

எங்கள் கட்டடம், ரயில் வராத ரயில் நிலையம்.
மார்ச்சில் பனி உருகத் தொடங்கினால்
டிக்கெட் ஜன்னலுக்கு நேர் மேலே ஒழுகும்.
நான்கு வாளிகள் உண்டு.
அதில் ஒன்று காட்சிப் பொருள்:
'சுரங்கத் தொழிலாளியின் வாளி. கொடை: பெக் குடும்பம்.'
மழை நாளில் அதுவும் வேலைக்கு வந்துவிடும்.

கூரைக்காக பான்கேக் சுட்டோம்,
தீயணைப்பு நிலையத்து அடுப்பை இரவல் வாங்கி.
இருநூற்றுப் பதினான்கு டாலர் விழுந்தது.
மேப்பிள் பாகுக்கே அறுபது போயிற்று.
ஆர்விட் கோல்ஸ்டாட் ஒருவரே பதினொன்று தின்றார்.
வரலாற்றின் மேல் அவருக்கு அவ்வளவு பற்று.

நவம்பரில் வேறொன்று செய்தோம்.
மூடிக்கிடந்த லிண்டல் ஸ்டுடியோவிலிருந்து வந்த
நானூற்று ஆறு புகைப்படங்கள்,
ஒன்றில்கூடப் பெயர் இல்லை.
லுத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில்
நீள மேசைகளில் பரப்பி
ஊரையே கூப்பிட்டோம்.
காபி இலவசம், பென்சில் இலவசம்,
மஞ்சள் சீட்டு வேண்டிய மட்டும்.
யாரைத் தெரிகிறதோ எழுதி வையுங்கள்.

பனிப் பூட்ஸை வாசலில் விட்டு
ஈரக் காலுறையோடு வந்தார்கள்.
காதை வைத்து ஆள் சொன்னார்கள்:
"இது ஸுபான் வீட்டுக் காது, எங்கே கண்டாலும் தெரியும்."
ஒரே குழந்தைக்கு நான்கு குடும்பங்கள் உரிமை கொண்டாடின.
ஒரு நாயின் பெயரில் மட்டும்
யாருக்கும் சந்தேகம் இல்லை.

நூற்றுப் பன்னிரண்டாம் படம்,
எங்கள் நிலையத்து நடைமேடை.
ஏழு ஆண்கள், கையில் சாப்பாட்டு டப்பா.
இடமிருந்து ஐந்தாவது ஆளுக்கு முகம் இல்லை.
ஆணியோ கொண்டை ஊசியோ,
காகிதத்தின் வெள்ளை தெரியும்வரை
யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.
தொப்பி இருக்கிறது.
மீசையின் ஒரு நுனி இருக்கிறது.

அதன் மேல் மூன்று சீட்டுகள்.
'வைனோ ஹார்யு' என்றது ஒன்று.
'இல்லை, அவன் தம்பி' என்றது அடுத்தது.
'வேலைநிறுத்தத்தில் எல்லோரும் வெளியே நிற்க
உள்ளே போனவன்' என்றது மூன்றாவது,
அழுத்தி எழுதியதில் பென்சில் முனை ஒடிந்து
காகிதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் டாரன்ஸ் பெக் கழுத்தைச் சொறிந்தார்.
"முதல் நான்கு பேரோடு வெட்டிவிடலாம்.
இருக்கிற சட்டத்துக்கும் பொருந்தும்."

நாற்காலிகளை மடக்கும் நேரத்தில் வந்தாள் லெம்பி,
சலவைக் கடையைப் பூட்டிவிட்டு,
கோட்டைக் கழற்றாமல்.
நேரே அந்த மேசைக்குத்தான் போனாள்.
எழுதினாள். காபி வேண்டாம் என்றாள். போய்விட்டாள்.

நாலாவது சீட்டு:
'இது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.
சுரண்டியது என் அம்மா. ஸ்டுடியோவில் தரை துடைத்தவள்.
அப்போது வயது பன்னிரண்டு.
அந்த டப்பாவில் இருப்பது
அன்று காலை அவள் கட்டிக்கொடுத்த ரொட்டி.'

பதிவேட்டில் எங்களுக்கு ஐந்து பத்திகள்:
எண், ஆண்டு, இடம், யார், கொடுத்தவர்.
சுரண்டியவருக்கு இடம் இல்லை.
அளவுகோலை வைத்து ஆறாவது கோடு ஒன்று கிழித்தேன்.
கோணலாகத்தான் வந்தது.

வெட்டுவதா என்று வாக்கெடுத்தோம்:
வேண்டாம் ஒன்பது, வெட்டு ஏழு.
மூன்று பேர் பாக்கி பான்கேக் மாவைப் பற்றிப்
பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அது டிக்கெட் ஜன்னல் அருகே தொங்குகிறது,
ஒழுகாத பக்கம்.
பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைத் தேடுகிறார்கள்.
பிறகு குனிந்து
டப்பாவைப் பார்க்கிறார்கள்,
வெகுநேரம்.

போன வாரம் பெக் தனியாக வந்தார்.
உறைக்குள் ஒரு கல்யாணப் படத்தின் பாதி.
மாப்பிள்ளையும், யாருடையதோ ஒரு கையும்.
பெயரெல்லாம் கேட்காதே என்றார்.
ஆறாவது பத்தியில்
கத்தரி யாருடையது என்று மட்டும்
எழுதிக்கொள்ளச் சொன்னார்.