எட்டாம் மாடி, கயிறு உட்பட

தொலைபேசியில் நான் மா தீரி.
அந்தப் பெயருக்கு ரங்கூனில் நிறைய அறைகள் காலி.
நேரில் போய்ச் செருப்பைக் கழற்றும்போது
ஞானசுந்தரி ஆகிவிடுகிறேன்.
"இப்பத்தான், பத்து நிமிஷம் முன்னால
யாரோ முன்பணம் கொடுத்துட்டாங்க."
அந்த யாரோவை ஒருமுறை பார்க்க வேண்டும்.
ஊர் முழுக்க எனக்குப் பத்து நிமிஷம் முன்னால்
பணத்தோடு நடந்துகொண்டிருக்கிறார்.

ஆறு மாத வாடகை மொத்தமாக.
தரகர் கோ ப்யூவுக்குத் தனியாக ஒரு மாதம்.
லட்சம் என்று சொல்லும்போது
அவர் வெற்றிலையைக்கூட ஒதுக்குவதில்லை.

நோ ஏ மூ என்னோடு ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள்.
அவளுக்கு அறை வேண்டும்,
எனக்குப் பாதி வாடகை வேண்டும்.
இருவருக்கும் வேலை முடிய இரவு ஒன்பதரை.
ஆகவே பகலில் காட்டிய இடங்களை
இருட்டிய பிறகு தரகர் இல்லாமல்
மறுபடி ஏறிப் பார்த்தோம்.
பகலில் எல்லாப் படிக்கட்டும் யோக்கியம்தான்.

தாம்வேயில் ஓர் அறை.
புதுச் சுண்ணாம்பு, மேற்கே ஜன்னல்,
நம்ப முடியாத வாடகை.
கதவுக்கு உட்பக்கம் மூன்று தாழ்ப்பாள்.
மேலே இரண்டு, கடைக் காகிதம்கூடக் கிழிக்காதவை.
கீழே ஒன்று, வளைந்தது,
வெளியிலிருந்து உள்ளே.
"பழைய கட்டடம்" என்றார் டோ சான் யீ.
ஏ மூ அதை ஒரு விரலால் அழுத்தித் தடவினாள்,
கையில் நரம்பு தேடுகிற மாதிரி.
முன்னே இருந்தது யார்?
"ஒரு பொண்ணு. ஊருக்குப் போயிட்டா."
எந்த ஊர்?
டோ சான் யீ ஜன்னலைத் திறந்து
எங்களுக்குக் காற்றைக் காட்டினார்.

இறங்கி வரும்போது நாங்கள் பேசவில்லை,
வாடகையைப் பற்றிக்கூட.

கடைசியில் பசுண்டாங், எட்டாம் மாடி.
ஏற ஏற வாடகை இறங்குவது இந்த ஊர்க் கணக்கு.
லிஃப்ட் இல்லை. நூற்று இருபத்தாறு படி.
பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு,
கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி:
கடிதம் வந்தால், கீரைக்காரி வந்தால்
அவர்கள் இழுப்பார்கள், நாம் தூக்கிக்கொள்ளலாம்.
"கயிறும் வாடகையில சேர்த்தி" என்றார் கோ ப்யூ
பெருந்தன்மையாக.
சாவி எத்தனை என்றேன்.
மூன்று என்று வாய் சொன்னது, இரண்டு கைக்கு வந்தது.
அன்று மாலையே பூட்டை மாற்றினோம்.
அதற்கு ரசீது இல்லை, தூக்கம் இருந்தது.

தூக்கம் என்றால் ஒரு மணிவரை.
அப்போதுதான் மின்சாரம் வரும்,
கட்டடத்தின் அத்தனை மோட்டாரும் ஒன்றாக உறுமும்,
எட்டாம் மாடிக்குத் தண்ணீர்
கடைசியாக, இருமிக்கொண்டே, ஏறி வரும்.
வாளிகளோடு நின்றபடி ஏ மூ ஜெபம் சொல்வாள்.
நான் வாளிகளை எண்ணுவேன்.

இரவு பத்து மணிப் படிக்கட்டில் விளக்கு எரிவதில்லை.
இரண்டாவது வாரமோ மூன்றாவதோ,
மூன்றாம் மாடியில் ஒரு கதவு
ஒரு சாண் திறந்தது.
டார்ச் வெளிச்சம் படிகளில் விழுந்து
எங்கள் கால்களுக்கு முன்னால் நகர்ந்து
திருப்பம்வரை வந்தது.
முகம் இல்லை, கை மட்டும்,
பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று.
நாங்கள் கடந்ததும் கதவு மூடிக்கொண்டது.
மறுநாளும். ஞாயிறு தவிர
எல்லா நாளும்.
ஞாயிறு எங்களுக்கு விடுமுறை என்பது
அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?

ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.
கயிறு இருக்கிறது. டார்ச் இல்லை.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள்.
வீட்டுக்காரர் எண்பதாயிரம் கூட்டச் சொல்கிறார்.
கோ ப்யூ கூப்பிட்டார்:
சான்சௌங், லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு,
இதைவிட மலிவு, வீட்டுக்காரருக்கு
எந்தப் பெயரானாலும் சம்மதம்.
நல்ல இடம்தான்.
ஏ மூ என் முகத்தைப் பார்த்தாள்.
"அங்கே மூணாம் மாடியில யாரு இருக்காங்க?"
என்று கேட்டேன்.

கோ ப்யூ கொஞ்சம் யோசித்து
"மூணாம் மாடி காலி இல்லையே" என்றார்.