நாற்றத்துக்கான கட்டம்

டில்லிபாபுவின் தாடைக்குக் கீழே
கதவில்லாத ஒரு புண்.
செவ்வாய், வெள்ளி, காலை பத்தரை.
தண்டையார்பேட்டை டிரஸ்ட் ஆஸ்பத்திரி, முதல் மாடி.
திரையை இழுத்துவிட்டுப் பஞ்சை எடுக்கிறேன்.
அவர் மனைவி எஸ்தர் வெளியே நிற்கிறாள்,
முந்தானை மூக்கில்.
காசிமேட்டில் கூடைக்காரி.
ஐஸ் வைக்காத சங்கராவின் மூன்றாம் நாளைத்
தாங்கிய மூக்கு அது.
இதைத் தாங்கவில்லை.

எனக்குப் பழக்கம் என்று சொல்லமாட்டேன்.
கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பின்தெருவில் வளர்ந்தவள்.
மணலியிலிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
அம்மா ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணிப்பாள்.
பள்ளியில் என் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம்.
நான் மட்டும் உட்கார்ந்தேன்.

கருவி பேனா அளவுதான்.
ஹீலியம் உருளையின் திருகைத் திறந்தால் ஒரு சீறல்.
பொத்தானை அமுக்கினால் நுனியில்
விரற்கடை நீளத்துக்கு ஊதா வெளிச்சம்,
கத்தரிப்பூ இதழ் மாதிரி.
தீ போல இருக்கும், சுடாது.
முதல் நாள் என் விரலையே நீட்டிக் காட்டினேன்.

அவர் நம்பவில்லை.
முப்பது வருஷம் விசைப்படகுகளின் அடிவயிற்றில்
மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தவர்.
அவருக்குத் தெரிந்த பிளாஸ்மா
இரும்பைக் கஞ்சியாக்கும்.
பேச்சு வராது, நாக்கில் பாதி போய்விட்டது.
நுனியில் ஊதா பூத்ததும்
சட்டென்று உள்ளங்கையை என் கண்முன் விரித்தார்.
நேராகப் பார்க்காதே,
கண் போய்விடும்.
அரை நிமிடம் அந்தக் கை அப்படியே நின்றது,
பொரிப்பொரியாகத் தழும்பு.
என் கண்ணை அதற்குமுன் ஒருவரும்
அவ்வளவு அவசரமாகக் காப்பாற்றியதில்லை.

டாக்டர் முபீனா விளக்குவது இப்படி:
புற்றணு ஏற்கெனவே மீட்டர்வட்டியில் மாட்டிய ஆள்.
ஓயாமல் பெருகுகிற செலவு.
உள்ளே ஆக்சிஜன் கழிவு கழுத்துவரை.
இந்த வெளிச்சம் போய்
இன்னும் கொஞ்சம் கடனைத் திணித்துவிட்டு வருகிறது.
தாளாமல் அது தானே கடையைச் சாத்தும்.
பக்கத்து நல்ல அணுவின் உண்டியலில்
கொஞ்சம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும்.
"தட்டில்," என்பார் உடனே.
"கண்ணாடித் தட்டில் சாகிறது, பார்த்திருக்கிறேன்.
மனுஷன் தட்டு இல்லை."
பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்,
அது சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நிமிடம்.
விளிம்பில் தொடங்கி நடுவுக்கு.
அறையில் ஜெராக்ஸ் கடை வாசனை எழும்,
இடி விழுந்தபின் வருகிற வாசனை என்றும் சொல்லலாம்.
அவர் கண்ணை மூடிக்கொள்வார்.
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள்
கீழே வரிசையில் உறுமும்,
தட்டத்தில் இடுக்கி நடுங்கும்.

ஐந்தாம் வாரம்.
ஸ்கேலை வைத்தேன். நாலு புள்ளி இரண்டு.
போன வாரமும் அதே.
அதற்கு முந்தைய வாரமும்.

படிவத்தில் அடுத்த கட்டம் நாற்றம்,
பூஜ்யத்திலிருந்து பத்து வரை.
அதை நான் நிரப்பக்கூடாது, வீட்டார் சொல்லவேண்டும்.
முதல் வாரம் எஸ்தர் திரைக்கு அப்பாலிருந்தே
பத்து என்றாள்,
பதினொன்று இருந்தால் அதைப் போடு என்றாள்.

இன்று உள்ளே வந்தாள்.
மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற தோரணையில்
அவர் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி
குனிந்து
மோந்தாள்.
அவசரப்படவில்லை.
காதோரம், கழுத்து, சட்டைக் காலர்.
அவர் கூச்சத்தில் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு போட்டுக்கோம்மா."
எழுதினேன்.
"அந்த ரெண்டும் டீசலு.
கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவுராண்ட இருக்கறது.
அத்த எடுத்துடாத."