ஐந்து பேருக்கு ஒரு தம்ளர்

ஹிஹோன் துறைமுகத்தில் மழை பிடித்துக்கொண்ட வியாழக்கிழமை.
கப்பல் பற்றவைப்பைச் சோதிக்கும் என் பெட்டியை
மேசைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.
பக்கத்தில் செனேன்.
எதிரே அவன் அக்காக்கள், கொவதோங்காவும் எல்வீராவும்.
ஓரத்தில் எல்வீராவின் புருஷன் பெலாயோ.

முதல் தட்டு என் முன்னால் வந்து இறங்கியது.
ஆப்பிள் மதுவில் வெந்த சோரிஸோ, ஒன்பது துண்டு.
எனக்குத்தான் என்று நினைத்தேன்.
வேறெப்படி நினைப்பது?
யார் முன்னால் இலையோ அவருடையது சோறு.
பந்திக்கு முந்து என்பதற்கு மேல்
விருந்தைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆறு துண்டு உள்ளே போனபின் நிமிர்ந்தேன்.
நான்கு முள்கரண்டிகள்
மேசையில் அப்படியே படுத்திருந்தன.
பெலாயோ ரொட்டியைப் பிய்த்து
என் தட்டுச் சாற்றில், கேளாமல், தோய்த்தான்.
அப்போதுதான் தெரிந்தது அது என் தட்டில்லை.
காது மடல் வரை சூடு.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
செனேன் இன்னொன்று கொண்டுவரச் சொன்னான்,
வந்ததும் அதை மேசையின் நட்டநடுவுக்கு
ஒரு விரலால் நகர்த்தினான்.

பிறகு பெலாயோ எழுந்தான்.
போத்தல் தலைக்கு மேலே, தம்ளர் தொடைக்குக் கீழே,
பார்வை எதிர்ச் சுவரில் எங்கோ.
ஊற்றுகிறவன் தம்ளரைப் பார்க்கக் கூடாதாம்.
நூலாக இறங்கிய மது விளிம்பில் மோதி நுரைத்தது,
இரண்டு விரல் அளவு.
நுரை அடங்குமுன் ஒரே மடக்கு.

ஒரே தம்ளர்.
ஐந்து பேருக்கும் அது ஒன்றுதான்.

என் முறை வந்தது.
கை தானாக உயர்ந்துவிட்டது,
உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள.
பாதி மூக்கில், பாதி சட்டையில்.
இங்கே உயரத்திலிருந்து ஊற்றுவது தம்ளருக்குள்;
வாய்க்குள் இல்லை.
பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

செனேன் செய்து காட்டினான்:
உதடு வைத்துக் குடி.
அடியில் கொஞ்சம் விடு.
உன் வாய் பட்ட விளிம்பு வழியே அதைத் தரையில் வீசு.
கழுவியாயிற்று, கொடு.
மரத்தூள் போட்ட தரை
எல்லார் மிச்சத்தையும் குடித்து ஊறிக் கிடந்தது.

'எச்சில்' என்றேன்.
அதற்கு உங்களிடம் என்ன சொல்?
உமிழ்நீர் இல்லை, அழுக்கு இல்லை, கிருமியும் இல்லை,
ஒருவர் வாய் பட்டதும்
பொருளின் மேல் ஏறிக்கொள்ளுமே, அது.
நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்துவிட்டு
'ருசியா?' என்று கேட்டான்.

அக்காக்கள் இருவருக்கும் பேச்சில்லை.
வரும் வழியிலேயே எச்சரித்திருந்தான்.
அம்மாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து, நாலு வருஷம்.
உப்பு வேண்டுமென்றாலும் தம்பி வழியாகத்தான்.

மூன்றாவது போத்தலில்
பெலாயோ புகைபிடிக்க வெளியே போனான்.
அடுத்த முறை எல்வீராவுக்கு.
தம்ளர் காலியாக நின்றது.
செனேன் எழப் போனான்;
நான் தெரியாமல் அவன் நாற்காலியை மறித்திருந்தேன்.

கொவதோங்கா எழுந்தாள்.
போத்தலைத் தூக்கினாள்.
தங்கை இருந்த பக்கம் முகம் திரும்பவே இல்லை,
சன்னலில் மழையைப் பார்த்தபடி ஊற்றினாள்.
பார்க்காமல் ஊற்றுவதுதானே முறை.
ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை.
எல்வீரா குடித்தாள்,
மிச்சத்தை வீசினாள்,
வீசிய அளவு வழக்கத்தைவிடக் குறைவு என்று எனக்குப் பட்டது.
பட்டிருக்கலாம். நானும் குடித்திருந்தேன்.

கடைசியில் தட்டில் ஒரு குரோக்கெட்டா மிஞ்சியது.
'வெட்கத்தினுடையது' என்பார்களாம் அதை.
எல்லோருக்கும் வேண்டும், எவரும் எடுக்க மாட்டார்கள்.
தட்டு எடுக்க வந்த பையன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.
கொவதோங்கா கரண்டியால் அதை இரண்டாக்கி
ஒரு பாதியைத் தின்றாள்.
மறு பாதி அப்படியே ஆறியது.

பில்லை ஐந்தாக வகுத்தார்கள்.
நான் தனியாகத் தின்ற தட்டு என் கணக்கில் என்றேன்.
இவள் ஏன் துண்டுகளை எண்ணுகிறாள் என்பது போல
எல்லோரும் ஒருசேரப் பார்த்தார்கள்.
சோரிஸோவுக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

குனிந்து பெட்டியை இழுத்து நிமிர்ந்தபோது
தட்டு காலி.
செனேன் குடை தேடிக்கொண்டிருந்தான்.
எல்வீரா கோட்டுப் பொத்தான்களை
மேலிருந்து கீழாகப் போட்டுக்கொண்டிருந்தாள்,
உதட்டை இறுக மூடி
எதையோ மெல்ல மென்றபடி.