அரைக்கிலோ ஈயம்

நண்டு வெந்த தண்ணீர்
எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும்.
என் கால் வெந்தபோதும்
அதே வாடைதான்.
மண்டபம் கம்பெனியில் அண்டா சரிந்த அன்று
கத்தியது நானில்லை,
எதிரே நின்ற மரியசெல்வம்.
நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவந்த நண்டுகள் என் பாதத்தைச் சுற்றிக்
கரையேறி வந்ததுபோல் கிடந்தன.

தொடையில் தோலெடுத்துக் கெண்டையில் வைத்தார்கள்.
ஒட்டுப்போட்ட பாய்மரத் துணிபோல ஆனது கால்.
ஐம்பத்தோரு நாள் படுக்கை.
எழுந்து நின்றால்
இடது முட்டி மடங்கியதோடு சரி, நிமிரவில்லை.
வலது நிமிர்ந்ததோடு சரி, மடங்கவில்லை.
ஒரே வீட்டில்
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஷமீலா என்றொரு பெண், கீழக்கரைக்காரி.
"புதுத்தோல் சுருங்கத்தான் பாக்கும்க்கா,
நீங்க விடக்கூடாது" என்றாள்.
முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து
அமுக்குங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க.
அந்த அஞ்சுக்குள்
அம்மா பேர், சாமி பேர்,
கம்பெனி முதலாளி பேர்
எல்லாம் வந்து போயின.
கடைசிப் பேருக்குத்தான்
துண்டு நன்றாக அமுங்கியது.

அடுத்து, காலில் கட்ட எடை வேண்டும்.
கடையில் எழுநூறு ரூபாய்.
நம்புராஜன் ஒன்றும் பேசவில்லை.
சாயங்காலம் நண்டு வலையை மடியில் போட்டு
ஈயமணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினான்.
இன்னொரு வலை இருக்கு என்றான்.
இல்லை. எனக்குத் தெரியும்.
மளிகைக்கடைத் தராசில் அரைக்கிலோ.
பழைய பாவாடைத் துணியில் வைத்துத் தைத்து
இறுக்கமான சாக்ஸுக்கு மேலே
தழும்பில் உரசாமல் கட்டிவிட்டான்.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.
மீன் கடித்ததும் தூண்டில் கயிற்றில் தெரியுமே,
அந்த நடுக்கம்.
ஆறாவது தடவை அழுதேன்.
ஏழாவது தடவை தூக்கவில்லை.

கச்சான் கிளம்பியது.
மணல் வீட்டுக்குள் வந்து சோற்றிலும் விழுந்தது.
வியர்க்கத் தெரியாத தோல் இது,
சுற்றிலும் வியர்க்கும், நடுவில் அரிக்கும்.
தேங்காயெண்ணெய் தடவிவிட்டு
சொறிந்துவிடக் கூடாதென்று
கைகளை முதுகுக்கடியில் போட்டுப் படுத்தேன்.
விடிந்தால் மறுபடி ஈயம்.
பத்து. அப்புறம் பன்னிரண்டு.

ஒருநாள் அவன் கடலிலிருந்து சீக்கிரமே வந்தான்.
அடியில் கனமில்லாத வலையை
நீரோட்டம் சுருட்டி மிதக்கவிட்டிருந்தது.
நாலே நண்டு,
அதில் ஒன்று சினை என்று திரும்ப விட்டிருந்தான்.
"கழட்டித் தாறேன், கோத்துக்க" என்றேன்.
"முக்கால் கிலோவுக்கு எப்ப ஏத்தணும்னு
கேட்டியா அந்தப் பிள்ளைட்ட?"
சண்டை போட்டோம்.
மூன்று நண்டும் குழம்பில் ஆறிக் கிடந்தன.

குத்தவைக்க இன்னும் வரவில்லை.
நிலைப்படியைப் பிடித்துப் பாதிவரை போவேன்,
அங்கே தோல் இழுத்து நிறுத்தும்.
அந்தரத்தில் நின்றபடி
பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்ப்பேன்.
அதுவும் என்னைப் பார்க்கும்.

நேற்று ராமநாதபுரம் பஸ்.
முதல் படி எப்போதும் அநியாய உயரம்.
எட்டு மாதமாய்
இடுப்பில் கைகொடுத்து ஏற்றுகிறவன்
நேற்று சட்டைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தான்.
இடது காலை வைத்தேன்.
கம்பியைப் பிடித்தேன், கொஞ்சம்தான்.
"உள்ள போம்மா, உள்ள போ" என்றார் கண்டக்டர்,
எல்லாரிடமும் சொல்வதுபோல.
கீழே நம்புராஜன்
கையில் சில்லறையோடு
நான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.