கட்டர்

பைக் பெட்டியில் இன்னும் கிடக்கிறது
அந்தக் கட்டர்.
சிவப்பு ரப்பர் கைப்பிடி, பாதி உரிந்தது.
பதினேழு வருஷமாக
இந்த ஊரில் என் பெயரும் அதுதான்.
சுங்கை பாலாம் வரிசை வீடுகளில்
என் ஹோண்டா சத்தம் கேட்டால்
“கட்டர் வர்றான்” என்று கதவைச் சாத்துவார்கள்,
மீட்டர் வெளியில் இருப்பதை மறந்து.

இப்போது அறுக்க ஆள் வேண்டாம்.
புது மீட்டருக்குக் காது உண்டு.
கோலாலம்பூர்க் குளிரறையில்
யாரோ பட்டனைத் தொட்டால்
இங்கே காற்றாடி நின்றுவிடுகிறது.

என்னை ஈப்போவுக்கு அழைத்து
மூன்று நாள் ஓட்டலில் வைத்து
வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள்.
பையின் மேல் தைத்திருந்தது:
எரிசக்தி ஆலோசகர்.
பாடம் நடத்திய அஸ்லினா சொன்னாள்:
நிலக்கரிக்குக் கடைசித் தேதி குறித்தாயிற்று,
இனி நாம் கரண்ட் விற்பவர்கள் அல்ல,
கூரைகளோடு உறவு வைப்பவர்கள்.
“கூரை நமக்கு மாமன் முறையா, மச்சான் முறையா?”
பின்வரிசையில் லைன்மேன் ஞானசேகர்.
தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் சிரித்தோம்.
அஸ்லினா திரையைப் பார்த்தாள்.
அவள் தலையிலும்
மாதத்துக்கு நாற்பது கூரை.

எனக்கு முதல் கூரை ஜெசிந்தாவுடையது.
பட்டியலில் அப்படித்தான் வந்தது:
நல்ல சரிவு. நிழல் இல்லை. நிலுவை இல்லை.
நிலுவை இல்லாததற்கு நானே சாட்சி.
ஆறு வருஷத்துக்கு முன்
எண்பத்து நாலு வெள்ளிக்காக
அவள் லைனை அறுத்தவன் நான்.
தோசை மாவு விற்பவள்.
ஃப்ரீசரில் நாற்பது பொட்டலம்.
ராத்திரி முழுக்கப் புளித்துப் பொங்கி
கதவைத் தள்ளிக்கொண்டு
தரையில் இறங்கி நடந்ததாம் மாவு.
மறுநாள் அவள் எண்ணி வைத்த நோட்டுகளில்
அந்த வாடை இருந்தது.

இன்று நாற்காலி போட்டாள்.
கோப்பி வைத்தாள்.
தாள்களை விரித்தேன்.
பன்னிரண்டு பலகை, கம்பெனி செலவு,
இருபத்தொரு வருஷ ஒப்பந்தம்.
பகலில் நீங்கள் எங்களுக்குத் தருவீர்கள்,
இரவில் நாங்கள் உங்களுக்கு.

“தர்றதுன்னா?”

நாங்கள் வாங்குவது இருபது காசுக்கு.
விற்பது நாற்பத்தைந்துக்கு.
நடுவில் இருப்பது கம்பி, கம்பம்,
பழைய ரப்பர் ஃபேக்டரிக்குள் வந்திறங்கிய
லாரி நீளப் பேட்டரி,
மழைநாள், ஞானசேகரின் சம்பளம்,
இந்தச் சட்டை.
ஒன்றிலும் பொய் இல்லை.

ஜெசிந்தா பேனாவைத் தொடவில்லை.
“எங்கம்மா பால்மரம் வெட்டுன காலத்துல
தராசு கிராணி கையில.
தண்ணின்னு கொஞ்சம் கழிப்பாரு,
தூசின்னு கொஞ்சம்.
இப்ப வெயிலுக்கும் நிறுவையா?”

பிறகு கேட்டாள்:
“நான் காசு கட்டலைன்னா
நீங்க பட்டனைத் தொடுவீங்க.
நீங்க கட்டலைன்னா
நான் எதைத் தொடுறது?”

பதினான்கு பக்கம் புரட்டினேன்.
கோப்பி ஆறிவிட்டது.
கேள்வியை மேலே அனுப்பினேன்.
நன்றி என்று பதில் வந்தது,
கூடவே ஒன்பது இலக்க எண்.

மூன்றாம் வாரம்
சித்தியவானில் யாரோ கழற்றிய பலகை நாலை
லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.
ஃப்ரீசருக்கு மட்டும்.
வீட்டுக்கு உங்க கரண்ட் இருக்கட்டும்,
மாவுக்கு வேண்டாம் என்றாள்.

வேலை முடிந்த சாயங்காலம்
வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு
அவள் ஏணியில் நின்றேன்.
கம்பி முனைகளைச் சீவ வேண்டியிருந்தது.
கட்டர் துருப்பிடித்திருந்தாலும் கடித்தது.
கீழிருந்து அவள் மகன் கூப்பிட்டான்,
“கட்டர் அங்கிள், லைட் எரியுது!”

இரவு பட்டியலைத் திறந்தேன்.
ஜெசிந்தா பெயருக்கு எதிரே
காரணம் கேட்டது கட்டம்.
எழுதினேன்:
கூரையில் நிழல்.